பனிக்கடியில் ஒரு துடிப்பு: தன்னைத் தானே சோதிக்கும் கருவியின் வரலாறு



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

பனிச்சரிவில் முழுமையாகப் புதையுண்ட ஒருவரை 15 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால், அவர் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 92 வீதம். 35 நிமிடம் ஆகிவிட்டால் அது 30 வீதமாக விழுந்துவிடும். சுவிட்சர்லாந்தின் விபத்துப் பதிவுகளை வைத்துக் கணக்கிட்டு, 1994இல் 'நேச்சர்' இதழில் ஆய்வாளர்கள் வெளியிட்ட எண்கள் இவை. அண்மைய ஆய்வு அந்த 15 நிமிடத்தையும் 10 நிமிடமாகக் குறைத்துச் சொல்கிறது.

அல்ப்ஸ் மலைத் தொடரில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 100 பேரளவில் பனிச்சரிவில் இறக்கிறார்கள். குளிரில் உறைந்து இறக்கிறார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைப்போம். உண்மையில் பெரும்பாலானோர் இறப்பது மூச்சுத் திணறி. சரிந்து நின்ற பனி சிறிது நேரத்தில் சீமெந்து போல இறுகிவிடும். உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. அவர் கத்தினாலும் வெளியே நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் கேட்காது.

மீட்புப் படை ஹெலிகொப்டரில் வந்து சேருமுன் அந்த 15 நிமிடம் கடந்துபோய்விடும். ஆகவே காப்பாற்றக்கூடியவர் யார் என்றால், பக்கத்தில் நின்றும் புதையாமல் தப்பிய தோழர்தான். அவர் கையில் மூன்று பொருட்கள் இருக்க வேண்டும்: ஒரு சவள், பனியைக் குத்திப் பார்க்கும் நீண்ட மடிப்புக் கோல், தோழர் எங்கே கிடக்கிறார் என்று காட்டும் ஒரு சின்னப் பெட்டி.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆங்கிலத்தில் 'அவலாஞ் டிரான்ஸீவர்' என்பார்கள். உள்ளங்கை அளவுதான். மலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் அதை உடம்போடு கட்டிக்கொள்வார்கள். நடக்கும் நேரமெல்லாம் அது "நான் இங்கே, நான் இங்கே" என்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதையுண்டால், மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தச் சமிக்ஞையைப் பின்தொடர்வார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவர் இருபது ஆண்டு மலையில் நடந்தாலும், அந்தக் கருவி உண்மையாகத் தேவைப்படும் நாள் வராமலே போகலாம். வந்தால், அன்று அது பழுதாக இருக்கக் கூடாது. பழுதை அன்றைக்குத்தான் கண்டுபிடிப்பது என்றால் கருவி இருந்தும் பயனில்லை. அப்படியானால், எந்நாளும் வேலையில்லாமல் காத்திருக்கும் ஒரு பெட்டி நல்ல நிலையில் இருக்கிறது என்று எப்படி அறிவது? இந்தக் கேள்விக்கு மனிதர்கள் விடை தேடிய அரை நூற்றாண்டுக் கதைதான் இது.

*கயிறும் நாயும்*

கருவிக்கு முன்னால் ஒரு சிவப்புக் கயிறு இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவேரியா மலையேறிகள் நீண்ட சிவப்புக் கயிற்றை இடுப்பில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். ஆள் புதைந்தாலும் இலேசான கயிற்றின் ஒரு பகுதியாவது மேலே தெரியும் என்பது நம்பிக்கை. கயிறும் சேர்ந்தே புதைந்துபோனால் அதைச் சரிபார்க்க வழி எதுவும் இல்லை.

பிறகு நாய். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் இடையிலுள்ள கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயில் துறவிகள் வளர்த்த நாய்களுள் 'பாரி' என்ற ஒன்று மிகவும் பிரபலம். 1800 முதல் 1814 வரை வாழ்ந்த அந்த நாய் நாற்பது பேரைக் காப்பாற்றியதாக ஒரு கதை உண்டு. கதையில் எவ்வளவு உண்மை என்பது வேறு விடயம். அதன் பாடம் செய்த உடல் இன்றும் பேர்ன் நகர இயற்கை வரலாற்று நூதனசாலையில் நிற்கிறது. இந்த நாயின் பெயர் பின்னால் மறுபடியும் வரும்.

நாயின் மோப்பம் இன்றைக்கும் பயன்படுகிறது. ஆனால் நாய் வந்து சேர நேரம் எடுக்கும். புதைந்தவருக்கு இல்லாதது அந்த நேரம்தான்.

*காதில் வைத்துக் கேட்ட காலம்*

1968இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில், பஃபலோ நகரிலுள்ள கோர்னெல் வானூர்தி ஆய்வுகூடத்தில் ஜோன் லோட்டன் என்பவர் முதலாவது பயன்தரு கருவியை உருவாக்கினார். 1971இல் அது 'ஸ்காடி' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஸ்காடி என்பது வட ஐரோப்பியப் பழங்கதைகளில் மலைக்கும் பனிக்கும் உரியவளாகச் சொல்லப்படும் ஒரு பாத்திரம்.

ஸ்காடி 2.275 கிலோஹேர்ட்ஸ் மீடிறனில் இயங்கியது. இது மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருக்கும் மீடிறன். ஆகவே தேடுபவர் ஒரு காதுக்கருவியை மாட்டிக்கொண்டு பனியில் நடப்பார். ஒலி கூடினால் நெருங்குகிறார், குறைந்தால் விலகுகிறார். அவ்வளவுதான்.

அந்தக் காலத்துப் பெட்டிக்குள் 'மூளை' என்று சொல்ல எதுவும் இல்லை. பெட்டரி, சில மின்சுற்றுகள், ஒரு கம்பிச்சுருள். தனக்கு என்ன நேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. பின்னால் வந்த பல பழைய கருவிகளில் ஒரு சிறு விளக்கு மின்னும். ஆனால் விளக்கு மின்னுவது சுற்றுக்கு மின்சாரம் போகிறது என்பதைத்தான் காட்டும். சமிக்ஞை உண்மையாகவே வெளியே போகிறதா என்பதைக் காட்டாது.

அதை அறிய ஒரே ஒரு வழிதான் இருந்தது. புறப்படுமுன் இன்னொருவர் தன் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி, காதில் வைத்து, "உன்னுடையது கேட்கிறது" என்று சொல்ல வேண்டும். கருவியின் முதல் பரிசோதகர் தோழரின் காதுதான்.

*இரண்டும் சரி, இரண்டும் செவிடு*

1970களின் தொடக்கத்தில் ஐரோப்பாவும் களத்தில் இறங்கியது. ஒஸ்திரியாவில் 'பீப்ஸ்' வந்தது. சுவிட்சர்லாந்தில் ஓட்டோஃபோன் நிறுவனம் அந்நாட்டு இராணுவத்துக்காக ஒரு கருவியை உருவாக்கி, அந்தப் பழைய நாயின் நினைவாக 'பாரிவொக்ஸ்' என்று பெயர் வைத்தது. லத்தீன் மொழியில் 'வொக்ஸ்' என்றால் குரல். பாரியின் குரல்.

பாரிவொக்ஸின் குரல் 457 கிலோஹேர்ட்ஸில் இருந்தது. ஸ்காடியினதும் ஒஸ்திரியக் கருவியினதும் குரல் 2.275இல் இருந்தது. ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்காது.

நினைத்துப் பாருங்கள். இரண்டு தோழர்கள் மலைக்குப் போகிறார்கள். இருவரிடமும் கருவி இருக்கிறது. இரண்டுமே புதியவை, இரண்டிலும் பெட்டரி நிறைய இருக்கிறது. ஒருவர் புதைந்துவிட்டால் மற்றவருக்கு எதுவுமே கேட்காது.

நம்முடைய முதலாவது பாடம் இங்கே இருக்கிறது. ஒரு கருவி தன்னளவில் பிழையே இல்லாமல் இருந்தும் உதவாமல் போகலாம். வகுப்பில் ஒரு மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்துகிறான் என்று வையுங்கள். கூட்டல் பிழையைக் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் கேள்வியையே தவறாக விளங்கியிருந்தால், பத்து முறை திருத்தினாலும் அந்தப் பிழை அவன் கண்ணில் படாது.

கொஞ்சக் காலம் இரண்டு மீடிறனிலும் இயங்கும் கருவிகள் செய்து சமாளித்தார்கள். 457 கிலோஹேர்ட்ஸ் கூடிய தூரத்துக்கு எட்டியது. 1986இல் சர்வதேச மலை மீட்பு அமைப்பான 'இகார்' 457ஐ ஏற்றுக்கொண்டது. 1996இல் அமெரிக்கத் தர அமைப்பும் அதையே ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு உலகம் முழுவதும் ஒரே குரல். இன்று எந்த நிறுவனத்தின் கருவியும் வேறெந்த நிறுவனத்தின் கருவியையும் கேட்கும்.

*எது பழுது?*

சோதனை செய்ய வேண்டும் என்றால் முதலில் எது சரி என்று தெரிந்திருக்க வேண்டும். புள்ளித்திட்டம் இல்லாமல் விடைத்தாள் திருத்த முடியாது என்பது நமக்குத் தெரியும்.

இந்தக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரம்தான் அந்தப் புள்ளித்திட்டம். அதில் உள்ள சில எண்கள் இவை.

மீடிறன் 457 கிலோஹேர்ட்ஸ். இதிலிருந்து 80 ஹேர்ட்ஸ் மட்டும் கூடலாம் அல்லது குறையலாம். 457,000இல் 80 என்பது கிட்டத்தட்ட 5,700இல் ஒரு பங்கு.

சமிக்ஞை தொடர்ச்சியாகப் போகாது, துடிப்புத் துடிப்பாகப் போகும். ஒரு துடிப்பு 70 மில்லிசெக்கனுக்குக் குறையக் கூடாது. இரண்டு துடிப்புக்கு இடையிலான மௌனம் 400 மில்லிசெக்கனுக்குக் குறையக் கூடாது. ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு செக்கன், அதில் 0.3 செக்கன் கூடலாம், குறையலாம். கிட்டத்தட்ட ஆறுதலாக இருக்கும் மனிதனின் இதயத் துடிப்பு போல.

பெட்டரிக்கும் ஒரு நிபந்தனை. 10 பாகை செல்சியஸில் 200 மணித்தியாலம் சமிக்ஞை அனுப்பிய பிறகும், மறை 10 பாகைக் குளிரில் ஒரு மணித்தியாலம் தேடுவதற்கு அதில் சக்தி மிஞ்சியிருக்க வேண்டும். இந்த நிபந்தனையை எழுதியவர்கள் மலையை அறிந்தவர்கள். நாள் கணக்கில் அனுப்பிக் களைத்த கருவிதான் கடைசியில் தேடவும் வேண்டியிருக்கும், அதுவும் மோசமான குளிரில்.

மீடிறனில் ஏன் இவ்வளவு இறுக்கம்? பழைய கருவிகள் சில காலப்போக்கில் 457இலிருந்து மெல்ல விலகிப்போயின. காதால் கேட்டுத் தேடிய காலத்தில் அது அவ்வளவு பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை, மனிதக் காது கொஞ்சம் பிசகிய ஒலியையும் பிடித்துக்கொள்ளும். புதிய கருவிகளோ இரைச்சலை ஒதுக்குவதற்காக 457ஐச் சுற்றி மிகவும் குறுகிய ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு கேட்கின்றன. விலகிய சமிக்ஞை அந்த வாசலுக்கு வெளியே நின்றுவிடும்.

*பெட்டிக்குள் ஒரு கணினி*

1997இல் அமெரிக்காவின் 'பேக்கன்ட்ரி அக்ஸஸ்' நிறுவனம் 'டிராக்கர்' என்ற கருவியை வெளியிட்டது. இரண்டு அன்டனாக்களும் ஒரு நுண்செயலியும் உள்ள முதலாவது டிஜிட்டல் கருவி அது. காதுக்கு ஒலியை மட்டும் கொடுக்காமல், திசையை விளக்குகளாலும் தூரத்தை எண்ணாலும் காட்டியது. 2003இல் பீப்ஸ் நிறுவனம் மூன்று அன்டனா உள்ள கருவியைக் கொண்டுவந்தது. இன்று மூன்று அன்டனாதான் வழக்கம்.

நுண்செயலி வந்தது தேடலை இலகுவாக்கத்தான். ஆனால் அதோடு இன்னொன்றும் சேர்ந்தே வந்தது. முதன்முறையாகப் பெட்டிக்குள் தன் நிலையை அளந்து பார்க்கக்கூடிய ஒன்று குடியேறியது. அனுப்பும் பகுதியும் கேட்கும் பகுதியும் ஒரே பெட்டியில். அளக்க ஒரு கணினி. இனித் தன்னைத் தானே கேட்டுப் பார்க்கலாம்.

இன்றைய கருவியைப் போட்டதும் சில செக்கன்கள் அது எதுவும் செய்யாதது போல இருக்கும். அந்தச் சில செக்கன்களில்தான் சோதனை நடக்கிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் விபரம் மாறும். ஆனால் சோதிக்கப்படுபவை பொதுவானவை: பெட்டரி, செயலி, அனுப்பும் பகுதி, கேட்கும் பகுதி, அன்டனாக்கள்.

இவற்றுள் அன்டனாவைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பழுது அதிகம் ஒளிந்திருக்கக்கூடிய இடம் அது.

இந்தக் கருவியின் அன்டனா ஒரு ஃபெரைட் கோல், அதைச் சுற்றிக் கம்பிச்சுருள். ஃபெரைட் என்பது இரும்பு ஒட்சைட்டு கலந்து சுட்டெடுக்கும் ஒரு பொருள். பார்க்க உலோகம் போல இருந்தாலும் தன்மையில் பீங்கான். கீழே விழுந்தால் உள்ளே கீறல் விழலாம். வெளியே பெட்டி அப்படியே இருக்கும், விளக்கு மின்னும், பெட்டரி 90 வீதம் என்று காட்டும். ஆனால் கோல் உடைந்ததால் கம்பிச்சுருளின் தூண்டல் மாறியிருக்கும். 10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகளுக்கு வானொலியை இசைவாக்குவது பற்றிச் சொல்லிக்கொடுப்போம் அல்லவா, அதே கதைதான். சுருளும் கொள்ளளவியும் சேர்ந்து 457இல் பரிவுற வேண்டும். சுருள் மாறினால் பரிவு விலகும், சமிக்ஞை பலவீனமாகும்.

எவ்வளவு பலவீனம் என்பதும் முக்கியம். 457 கிலோஹேர்ட்ஸின் அலைநீளம் கிட்டத்தட்ட 656 மீற்றர். தேடல் நடப்பதோ சில பத்து மீற்றருக்குள். ஆகவே இங்கே வேலை செய்வது தொலைதூரம் போகும் வானொலி அலை அல்ல, அன்டனாவைச் சுற்றியுள்ள காந்தப்புலம்தான். அந்தப் புலம் தூரத்தின் மும்மடிக்கு நேர்மாறாகக் குறையும். தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். இதை மறுபக்கமாகத் திருப்பிப் பார்த்தால், ஓர் அன்டனா உடைந்து புலம் எட்டில் ஒன்றாகக் குறைந்தால், கருவி கேட்கும் தூரம் பாதியாகிவிடும். 40 மீற்றரில் கிடைக்க வேண்டிய சமிக்ஞை 20 மீற்றருக்குள் வந்த பிறகுதான் கிடைக்கும். பரந்த பனிக்காட்டில் அதற்குள் எத்தனை நிமிடம் போயிருக்கும்?

அதனால்தான் "சமிக்ஞை போகிறதா" என்று மட்டும் கேட்பது போதாது, "எவ்வளவு பலமாகப் போகிறது, எந்த மீடிறனில் போகிறது" என்றும் கேட்க வேண்டும். கணினி உள்ள கருவியால் இதை அளக்க முடியும். எல்லைக்குள் இல்லையென்றால் திரையில் ஒரு பிழை இலக்கம் தோன்றும். அதைக் கண்டவர் அன்றைக்கு அந்தக் கருவியோடு மலைக்குப் போகக் கூடாது.

*பெட்டரி சொல்லும் பொய்*

தன்னைத் தானே சோதிக்கும் கருவியும் சில எடுகோள்களை நம்பித்தான் சோதிக்கிறது. பெட்டரி இதற்கு நல்ல உதாரணம்.

கருவி பெட்டரிக்குள் எவ்வளவு சக்தி மிச்சம் என்று நேராகப் பார்ப்பதில்லை. மின்னழுத்தத்தை அளந்து, அதிலிருந்து ஊகிக்கிறது. கடையில் வாங்கும் சாதாரண அல்கலைன் பெட்டரியில் சக்தி குறையக் குறைய மின்னழுத்தமும் படிப்படியாக இறங்கும். ஊகம் சரியாக வரும். மீள மின்னேற்றும் பெட்டரியில் அப்படியல்ல. முடியும் தறுவாய் வரைக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும், பிறகு திடீரென்று விழும். திரையில் நிறையச் சக்தி இருப்பதாகக் காட்டிவிட்டுச் சற்று நேரத்தில் கருவி அணைந்துபோகலாம். லித்தியம் பெட்டரியிலும் இதே சிக்கல் உண்டு.

இதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் மீள மின்னேற்றும் சாதாரண பெட்டரிகளைப் போடக் கூடாது என்று தடுத்திருக்கின்றன. லித்தியம் போடலாம் என்று அனுமதிக்கும் சில கருவிகளில், எந்த வகை பெட்டரி போட்டோம் என்பதைக் கருவிக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். கருவி கேட்கும் கேள்விக்கு மனிதன் பிழையான தகவலைக் கொடுத்தால், விடையும் பிழையாகத்தான் வரும்.

*தனித்திருந்தும் கூடியிருந்தும்*

இந்த வரலாற்றில் எங்கள் மனதை மிகவும் தொட்ட இடம் இது.

கருவி தன்னைச் சோதிக்கும்போது அது தனியாக இருக்க வேண்டும். பக்கத்தில் வேறொரு கருவி சமிக்ஞை அனுப்பிக்கொண்டிருந்தால், அல்லது கைத்தொலைபேசி ஒட்டியிருந்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு கணக்கு குழம்பிவிடும். இல்லாத பழுதை இருப்பதாகக் காட்டவும் கூடும். ஆகவே மற்றவர்களிடமிருந்து சில மீற்றர் விலகி நின்றுதான் கருவியைப் போட வேண்டும் என்று கையேடுகள் சொல்கின்றன. மலையில் இருக்கும்போதும் போன், கெமரா போன்றவை அனுப்பும் கருவியிலிருந்து 20 சென்ரிமீற்றரும், தேடும் கருவியிலிருந்து 50 சென்ரிமீற்றரும் விலகி இருக்க வேண்டும் என்பது பொது விதி.

தனிமையில் சோதனை முடிந்த பிறகு இரண்டாவது சோதனைக்குக் கூட வேண்டும். புறப்படும் இடத்தில் குழுத்தலைவர் தன் கருவியைக் குழுச் சோதனை நிலைக்கு மாற்றுவார். அந்த நிலையில் கருவி வேண்டுமென்றே தன் கேட்கும் தூரத்தை ஒரு மீற்றர் அளவுக்குச் சுருக்கிக்கொள்ளும். மற்றவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அவரைக் கடந்து போவார்கள். ஒவ்வொருவரின் கருவியும் அந்த ஒரு மீற்றருக்குள் கேட்க வேண்டும். பலம் குறைந்த கருவி அங்கேயே பிடிபட்டுவிடும். புதிய சில கருவிகள் எதிரே வரும் கருவியின் மீடிறன் தரத்துக்குள் இருக்கிறதா என்றும் அளந்து சொல்கின்றன.

கடைசியில் ஒருவர் மிஞ்சுவார், தலைவர். எல்லாரையும் சோதித்தவரின் கருவி தேடும் நிலையில் இருந்தது. அது அனுப்புகிறதா என்று யார் பார்ப்பது? அதனால் தலைவர் தன் கருவியை அனுப்பும் நிலைக்கு மாற்றி முன்னால் நடக்க, குழுவில் இன்னொருவர் அவரைச் சோதிப்பார். சோதிப்பவரும் சோதிக்கப்பட்ட பிறகுதான் பயணம் தொடங்கும்.

கருவிக்குள் இவ்வளவு கணினி வந்த பிறகும் இந்தச் சடங்கை யாரும் கைவிடவில்லை. 1971இல் காதில் வைத்துக் கேட்ட தோழர் இன்றைக்கும் அதே இடத்தில்தான் நிற்கிறார்.

நம் மார்க்கத்தில் 'முஹாஸபா' என்று ஒரு சொல் இருக்கிறது. மனிதன் தன் கணக்கைத் தானே தனிமையில் பார்ப்பது. அதற்குப் பிறகு ஜமாஅத்தில் வந்து நிற்கிறோம். அங்கே நம் கால் ஸஃப்பில் நேராக இருக்கிறதா என்பது நம்மை விடப் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் நன்றாகத் தெரியும். பனிமலையில் நிற்பவர்கள் வேறு மொழி, வேறு மதத்தவர்கள். அனுபவம் அவர்களையும் இந்த இரண்டு படிக்கே கொண்டுவந்திருக்கிறது.

*அணைந்த கருவி தன்னைச் சோதிக்காது*

தன்னைத் தானே சோதிப்பதன் எல்லை எது என்பதை அண்மைக் காலத்தில் ஒரு சம்பவம் வெளிச்சம் போட்டுக் காட்டியது.

பீப்ஸ் டீ.எஸ்.பி. வரிசையில் சில கருவிகள், உள்ளே மூன்று அன்டனாவும் நல்ல செயலியும் உள்ளவை. நிலையை மாற்றுவதற்கு வெளியே ஒரு நழுவும் சுவிட்ச்: அணை, அனுப்பு, தேடு. 2021இல் நிறுவனம் அந்தக் கருவிகளைத் திருத்துவதற்காகத் திரும்ப அழைத்தது. காரணம், அந்தச் சுவிட்ச் எதிர்பாராமல் 'அனுப்பு' நிலையிலிருந்து 'தேடு' நிலைக்கோ 'அணை' நிலைக்கோ நகர்ந்துவிடக்கூடும் என்பது. அப்படி நகர்ந்தால் புதைந்தவரைக் கண்டுபிடிப்பது கடினம். தீர்வாக, சுவிட்ச் அசையாமல் காக்கும் ஒரு கடின உறையை இலவசமாகக் கொடுத்தார்கள்.

இங்கே கருவியின் மின்சுற்றில் பழுதில்லை. காலையில் போட்டபோது சோதனையில் தேறியிருக்கும். குழுச் சோதனையிலும் தேறியிருக்கும். பழுது வந்தது அதற்குப் பிறகு, மலையில், உருண்டு விழும் நேரத்தில், ஒரு பிளாஸ்திக் துண்டு நகர்ந்ததால். சுவிட்ச் தேடும் பக்கம் போயிருந்தால் கருவி "என் எஜமானர் தேடச் சொல்கிறார்" என்று பணிவோடு ஏற்றுக்கொள்ளும். அணைக்கும் பக்கம் போயிருந்தால் கேட்கவே வேண்டாம், அணைந்த கருவிக்குத் தன்னைச் சோதிக்க உயிரில்லை.

தேடும் நிலையில் மாட்டிக்கொள்ளும் ஆபத்துக்குப் பல கருவிகளில் முன்பே ஒரு மாற்றுவழி இருந்தது. அது வேறொரு பயத்திலிருந்து பிறந்தது. தோழரைத் தேடிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது சரிவு வந்து தேடுபவரும் புதைந்தால், அவர் கருவி அனுப்பாமல் மௌனமாகக் கிடக்கும். ஆகவே உள்ளே ஓர் அசைவு உணரியை வைத்தார்கள். தேடுபவர் நடந்துகொண்டிருக்கும்வரை சரி. சற்று நேரம் அசைவே இல்லையென்றால் கருவி எச்சரிக்கை ஒலி எழுப்பி, பதில் இல்லாவிட்டால் தானாகவே அனுப்பும் நிலைக்குத் திரும்பும். கருவி இங்கே சோதிப்பது தன் சுற்றை அல்ல, தன்னைச் சுமப்பவரின் நிலையை.

ஆனால் இதற்கும் முன்னால் ஒரு பழுது இருக்கிறது. அது எல்லாவற்றிலும் பழையது, எந்தச் செயலியாலும் கண்டுபிடிக்க முடியாதது: கருவியைப் போடவே மறந்துவிடுவது. அதற்காகவே சில மலைப்பாதைகளின் தொடக்கத்தில் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். அனுப்பும் நிலையிலுள்ள கருவியோடு அதைக் கடந்தால் அடையாளம் காட்டும். காட்டாவிட்டால் நின்று நெஞ்சைத் தடவிப் பார்க்க வேண்டும்.

*இதை ஏன் எழுதினோம்*

நம் ஊரில் பனி விழாது. நம்மில் யாரும் இந்தக் கருவியை வாங்கப்போவதுமில்லை. ஆனாலும் இந்த அரை நூற்றாண்டுக் கதையை நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பாதுகாப்பு என்பது பொருளை வாங்கி வைப்பதோடு முடிகிறது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இந்தக் கருவியைச் செய்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. முதலில் எல்லாருக்கும் ஒரே மீடிறன் வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். பிறகு எது சரி என்று எண்ணால் எழுதிவைத்தார்கள். பிறகு கருவிக்குத் தன்னைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் திருப்தியடையாமல், ஒவ்வொரு காலையும் ஒருவரையொருவர் கடந்து நடக்கிறார்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்திய படி எங்கே போதாமல் போனது என்று பார்த்ததால் வந்தது.

தேவைப்படும் நாள்வரை மௌனமாக இருக்கும் பொருட்கள் நம்மிடமும் உண்டு. பாடசாலைச் சுவரில் தொங்கும் தீயணைப்புக் கருவி, பள்ளிவாசலின் ஜெனரேட்டர், வீட்டு அலுமாரியில் இருக்கும் முதலுதவிப் பெட்டி. கடைசியாக எப்போது திறந்து பார்த்தோம் என்று இன்றைக்கு ஒரு தடவை யோசிப்போம். பார்த்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரரையும் ஒருமுறை பார்க்கச் சொல்வோம். நம் கண்ணுக்குப் பழகிப்போனது அவர் கண்ணுக்குப் புதிதாகத் தெரியும்.